பதினான்காம் பக்கத்து விதி

அந்த அலுவலகத்தில் எல்லோரும் மாப்பிள்ளை என்று மரியாதையாகச் சொன்ன ஆசாமி, ஆசாமியே இல்லை. பின்பக்கத்துச் சின்ன அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, ஏசியை ஓயாமல் ஓடவிட்டு, உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்த ஒரு கம்ப்யூட்டர். வெளியே மனிதர்கள் மின்விசிறிக்குக் கீழே வேர்த்து வழிய, உள்ளே குளுகுளுவென்று உட்கார்ந்துகொண்டு விளையாடுவதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஒரு ஜீவனுக்கு வேறென்ன பெயர் வைப்பது? பெயர் வைத்தவர் சோடாபுட்டி. மாப்பிள்ளையைக் கட்டி மேய்ப்பது அவர் வேலை. கண்ணாடியின் கனத்தால் அவருக்கு அந்தப் பட்டம் பள்ளிக்கூடத்திலேயே வந்துவிட்டது. அறிமுகம் செய்துகொள்ளும்போதே தானே சொல்லிவிடுவார். முதுகுக்குப் பின்னால் சொல்லும் சிரமத்தை யாருக்கும் வைக்கமாட்டார்.

பெட்டியில் வரும் பழைய பலகை விளையாட்டுகளைச் செல்போனிலும் கம்ப்யூட்டரிலும் ஆடும்படி மாற்றுவதுதான் அந்த இடத்தின் தொழில். மொத்தம் ஒன்பது பேர். மாடியில் ஒரே நீளக்கூடம், ஓரத்தில் மாப்பிள்ளையின் அறை. விதிகளை எழுதுகிறவளை எல்லோரும் வக்கீலம்மா என்றார்கள். புத்தகத்தில் இருக்கும் ஒவ்வொரு விதியையும் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி அவள் எழுத வேண்டும். ஒரு கமா இடம் மாறினாலும் சண்டைக்கு வருவாள். நாற்பத்து மூன்று வயது. கணவர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மகள் வேறு ஊரில் படிக்கிறாள். இரண்டு அறை வீட்டில் ஒரு அறை சும்மா கிடந்தது.

இந்த முறை கைக்கு வந்த விளையாட்டு 'கரைகாவல்'. முதலாளி அதன் உரிமையை வாங்கிக்கொண்டு வந்து மேஜைமேல் பெட்டியை வைத்தபோது வக்கீலம்மா அதன் மூடியை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தாள். பிறகு, "இதுக்குப் புத்தகமே வேணாம், எனக்குத் தலைகீழாத் தெரியும்" என்றாள். சின்ன வயதில் அவள் வீட்டில் இருந்தது அந்த ஒரே ஒரு விளையாட்டுதான். சொன்னபடியே புத்தகத்தைத் திறக்காமல் விதிகள் அத்தனையையும் மனப்பாடமாக எழுதித் தள்ளினாள். ஒவ்வொரு விதிக்கும் எந்தப் பக்கம் என்றுகூட நினைவிலிருந்தே போட்டாள். கொஞ்சம் தலைக்கனம்தான். அவளிடமே கேட்டால் ஒத்துக்கொள்வாள்.

கரைகாவலில் நடுவே ஒரு ஆறு. இந்தக் கரையில் சிவப்பு அரசு, அந்தக் கரையில் பச்சை அரசு. சிப்பாய்கள் உண்டு, வழியை அடைக்க ஆளுக்கொரு பூதம் உண்டு, ஆளுக்கொரு படகோட்டி உண்டு. விசேஷம் என்னவென்றால், ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அரசும் தன் பிள்ளை ஒன்றை எதிரியிடம் பிணையாகக் கொடுத்துவிட வேண்டும். கட்டைவிரல் உயரத்தில் ஒரு சின்னக் காய். அது எதிரிக் கரையில் நிற்கும், தானாக நகராது. யாருடைய படகோட்டி ஆற்றைக் கடந்து போய்த் தன் பிணையை முதலில் படகில் ஏற்றுகிறாரோ அவர் ஜெயித்தார். ஒரு கெடுவும் உண்டு. படகோட்டி எதிரிக் கரையில் இறங்கிய பிறகு மூன்று இரவுக்குள் பிணையை ஏற்றியாக வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு இரவு. மூன்றாவது இரவும் கழிந்துவிட்டால் அந்தப் பிள்ளை எதிரியின் பிள்ளை ஆகிவிடும். பதினான்காம் பக்கம் என்று பக்க எண்ணோடு எழுதி வைத்திருந்தாள்.

மாப்பிள்ளை தனக்குத்தானே லட்சக்கணக்கான ஆட்டம் ஆடி விளையாட்டைக் கற்றுக்கொள்கிறவர். சிவப்பும் அவரே, பச்சையும் அவரே. நாள் முழுக்க ஆடித் தோற்று, ஆடி ஜெயித்து, மறுவாரம் மனிதர்களை மண்ணைக் கவ்வ வைப்பார். இதுவரை எந்த விளையாட்டிலும் மக்கர் செய்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை சோடாபுட்டி கையில் டீயோடு வந்து அவள் மேஜையோரம் நின்றார்.

"வக்கீலம்மா, மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டார்."

"என்னவாம்?"

"ஒரு ஆட்டத்துல அப்படியே நிக்கறார். நகர்த்த மாட்டேங்கறார். ஹேங் ஆகலை, நல்லாத்தான் ஓடுது. யோசிச்சிட்டே இருக்கார்."

"எவ்வளவு நேரமா?"

"சனிக்கிழமை சாயங்காலத்துலேர்ந்து."

அதே காலையில்தான், அலுவலகத்துக்குக் கிளம்பும்போது, வக்கீலம்மாவின் செல்போனில் தங்கையிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. கடல் தாண்டி இருக்கிற தங்கை. வருடத்துக்கு இரண்டு முறை, பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் பேசிக்கொள்வார்கள். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அதற்குமேல் பேச்சு நீண்டதில்லை. இப்போது வந்திருந்தது இதுதான்: "அக்கா, பெரியம்மா காரியமெல்லாம் முடிஞ்சுது. இந்த வீட்டைக் காலி பண்ணணும்னு சனிக்கிழமை சொல்லிட்டாங்க. இங்க எனக்கு வேற யாரும் இல்ல. உன்கூட வந்து இருந்துக்கட்டுமா? நீ சொல்லு." வா என்று ஒரே எழுத்தில் பதில் போட வேண்டிய விஷயம். அவள் போனை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. நெஞ்சுக்குழியில் ஏதோ அடைத்தது, அவ்வளவுதான்.

சோடாபுட்டியின் பின்னால் குளிர் அறைக்குள் போனாள். திரையில் பலகை தெரிந்தது. பச்சையின் முறை. பச்சைப் படகோட்டி சிவப்புக் கரையில் இறங்கி இரண்டு இரவு ஆகியிருந்தது. பச்சைப் பிணை கோபுரத்தடியில் நின்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு காலிக் கட்டம். சிவப்புப் பூதம் எட்டத்தில், மதில் பக்கம். பச்சைச் சிப்பாய் ஒன்று எதற்கும் உதவாமல் இடது மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது.

அவளுக்கு ஏசிக் குளிர் திடீரென்று முதுகில் ஏறியது.

"இப்ப பாருங்க," சோடாபுட்டி விளக்கினார். "படகோட்டி பிணைக்குப் பக்கத்துல போக ஒரு நகர்வு. ஏத்த இன்னொரு நகர்வு. ஆனா ஒரு நகர்வு ஆனதுமே மூணாவது இரவு முடிஞ்சிடும், பிணை போயிடும். எதை நகர்த்தினாலும் தோல்வி. அதனால இவர் என்ன கண்டுபிடிச்சிருக்கார்னா, நகர்த்தவே இல்லைன்னா இரவே வராது. இரவு வரலைன்னா தோக்க வேண்டியதில்ல. நீங்க கெடு போட்டீங்க, ஆனா ஒரு நகர்வுக்கு இவ்வளவு நேரம்தான்னு எங்கயும் எழுதலை. கில்லாடி."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பலகையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். ஒரு காய் பிசகாமல், அந்த மூலைச் சிப்பாய் உட்பட. முப்பது வருடத்துக்கு முன்னால், காலை பத்து மணியிலிருந்து விளக்கு போடும் நேரம்வரை, அவள் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே பச்சைக் காய்களோடு உட்கார்ந்திருந்தது தங்கை.

அப்போது அவளுக்குப் பதின்மூன்று, தங்கை குட்டிக்குப் பத்து. அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அம்மா துணி தைக்கும் ஆலையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தாள். குழந்தை இல்லாத பெரியம்மா விமானமேறி வந்து, "ரெண்டுல ஒண்ணை என்கிட்ட குடு, நான் வளர்த்துக்கறேன்" என்று கேட்டாள். அம்மாவால் வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொல்ல முடியவில்லை. "நீங்களே பேசி முடிவு பண்ணுங்கடி, சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வேலைக்குப் போய்விட்டாள். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு அந்தப் பொம்பளைக்கு வேறு வழி தெரியவில்லை. பிள்ளைகள் பேசவும் இல்லை. பெட்டியை எடுத்து வைத்து ஆடினார்கள். தோற்பவள் போக வேண்டும்.

"எப்படி இந்த நிலைக்கு வந்தாரு?" என்று மட்டும் கேட்டாள்.

"தற்செயல்தான். லட்சம் ஆட்டத்துல ஒண்ணு. இருங்க, காத்திருக்கலாம்னு புத்தகத்துல ஏதாவது இருக்கான்னு பார்த்துடறேன்." சோடாபுட்டி பெட்டியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். பதினான்காம் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார். "வக்கீலம்மா, இங்க அந்த மாதிரி எதுவுமே இல்லையே."

"எது இல்ல?"

"மூணு இரவு. கெடு. அந்த விதியே இல்ல. காய்களை வெயில்ல வைக்காதீங்க, பெட்டிக்குள்ள பூச்சி வராம இருக்க மருந்து உருண்டை போடுங்கன்னு போட்டிருக்கு. பதினாலாம் பக்கம் முழுக்க அதான்."

அவள் புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். முன்னும் பின்னும் புரட்டினாள். முப்பத்திரண்டு பக்கமும் தேடினாள். பிறகு, "இது புதுப் பதிப்பா இருக்கும். எங்க வீட்டுப் புத்தகத்துல இருக்கு. நான் என் கண்ணால படிச்சிருக்கேன்" என்று அடித்துச் சொன்னாள். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. அந்தப் பக்கம், அந்த எழுத்து, வரிகளுக்குக் கீழே அச்சிட்ட சின்னப் பிறை நிலா, எல்லாம் கண்முன் நின்றது.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு, மகளின் காலி அறைப் பரணிலிருந்து பழைய பெட்டியை இறக்கினாள். மூலை நைந்த அட்டை, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியது. புத்தகம் மஞ்சளாகிப் போயிருந்தது. பதினான்காம் பக்கம். காய்களை வெயிலில் வைக்காதீர்கள். மருந்து உருண்டை. பிறை நிலா எங்கேயும் இல்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் ஒவ்வொன்றாக மேலே வந்தது. குட்டி ஜெயிக்கப் போகிறாள் என்று தெரிந்த அந்த நிமிடம். இன்னும் இரண்டே நகர்வு. தான்தான் போக வேண்டியிருக்கும் என்ற பயம். விமானம், தெரியாத வீடு, பெரியம்மாவின் இறுக்கமான வாய். நாக்கு தானாகப் புரண்டது: "ஏய், இரு. படகோட்டி இறங்கி ரெண்டு இரவு ஆச்சு. இப்ப நீ நகர்த்தினா மூணாவது இரவு. அப்புறம் பிணை என்னோடது. ரூல் இருக்கு, பதினாலாம் பக்கம்." புத்தகத்தைக் குட்டியிடம் நீட்டவில்லை, தன் முட்டிக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டாள். குட்டி எதுவும் கேட்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். அக்கா தண்ணீர் குடிக்கப் போய்விட்டு வந்தாள், குட்டி அப்படியே இருந்தாள். வெயில் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, பலகையைக் கடந்து, சுவரில் ஏறி மறைந்தது. இருட்டிக்கொண்டு வரும்போது அம்மா வந்து சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்த அந்த நொடியில் குட்டி கையை நீட்டி, மூலையில் இருந்த உதவாக்கரைச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினாள். அவ்வளவுதான். மக்கு, படகோட்டியைக்கூட நகர்த்தத் தெரியவில்லை என்று அக்கா அன்றைக்கு நினைத்தாள். பச்சைப் பிணையை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

பொய் சொன்னதை அவள் மறந்திருந்தாள். முப்பது வருடத்தில் பொய்யே அவளுக்கு விதியாகிவிட்டது. அதையும் கொண்டுவந்து பக்க எண் போட்டு, கம்ப்யூட்டரில் எழுதி, ஊர் உலகத்துக்கெல்லாம் சட்டமாக்கப் பார்த்திருக்கிறாள். வக்கீலம்மாவாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. பைக்குள் போனில் குட்டியின் செய்தி பதிலில்லாமல் கிடந்தது. அவள் இங்கே வந்தால் தினமும் காலையில் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். அதைத்தான் நெஞ்சுக்குழி முதல் நாளே தெரிந்துவைத்திருந்தது. 'வா' என்று எழுதினாள். அழித்தாள். 'கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்' என்று எழுதினாள். அதையும் அழித்தாள்.

புதன்கிழமை அந்த விதியை நீக்கினாள். முதலாளி முணுமுணுத்தார். "அதுதாம்மா இந்த ஆட்டத்துலயே உயிர். இருந்துட்டுப் போகட்டுமே."

"புத்தகத்துல இல்லாதது வேணாம் சார்," என்றாள். அதற்குமேல் அவரிடம் என்ன சொல்ல முடியும்?

சோடாபுட்டி மாப்பிள்ளையின் மூளையைச் சுத்தமாகத் துடைத்தார். பழைய ஆட்டம் ஒன்றுகூட நினைவில் இல்லாமல், அ ஆவிலிருந்து மறுபடி கற்றுக்கொள்ள விட்டார். வியாழன், வெள்ளி, சனி என்று ஓடியது. எந்தத் தொல்லையும் இல்லை.

திங்கட்கிழமை காலை அவர் டீ இல்லாமல் வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது.

"கொஞ்சம் வாங்க."

அதே பலகை. படகோட்டி, கோபுரம், காலிக் கட்டம், மூலையில் சிப்பாய். பச்சையின் முறை. மாப்பிள்ளை நகர்த்தவில்லை.

"போன தடவை எனக்குக் காரணம் தெரிஞ்சுது," என்றார் சோடாபுட்டி. வழக்கமாகக் கடகடவென்று பேசுகிறவர், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "இப்ப அந்த விதியே இல்ல. ரெண்டு நகர்வுல பச்சை ஜெயிக்கும், சிவப்பால தடுக்கவே முடியாது. சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மாப்பிள்ளைக்கும் தெரியுது, இதோ பாருங்க, ஜெயிக்க நூத்துக்கு நூறுன்னு அவரே போட்டு வச்சிருக்கார். அப்புறமும் நகர்த்த மாட்டேங்கறார்."

"பழசு ஏதாவது ஒட்டிக்கிட்டிருந்திருக்கும்."

"நான் என் கையால துடைச்சேன் வக்கீலம்மா. வேணும்னா ஆஃப் பண்ணிடறேன்."

"வேணாம்," என்றாள். வேகமாகச் சொல்லிவிட்டாள். "இருக்கட்டும். சிவப்பை எனக்குக் குடுங்க. நான் ஆடறேன்."

அவர் சிவப்பை அவள் கைக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் அந்த அறைக்குள் அதிகமாக வரவில்லை. வந்தாலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றார்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. வக்கீலம்மா தன் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, மற்ற வேலைகளை மடியில் வைத்து அங்கேயே செய்தாள். திரையில் பச்சைப் படகோட்டி லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. காய்கள் உயிரோடு இருப்பதுபோல் தெரியட்டும் என்று படம் வரைகிறவர் வைத்த சின்ன அசைவு அது. மூச்சு விடுவதுபோல் இருந்தது. இரண்டே நகர்வு. அதை விட்டுவிட்டு எதற்காக உட்கார்ந்திருக்கிறது? எதிரில் யாரோ முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகவே தோன்றியது. ஒருமுறை வாய்விட்டு, "நகர்த்தேன்டி" என்றாள். சொன்ன பிறகு, யார் காதிலாவது விழுந்ததா என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணி சுமாருக்குக் கூடத்தில் ஒவ்வொருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவள் கதவு பாதி திறந்த அறையில் மங்கலில் உட்கார்ந்திருந்தாள். பெருக்குகிற அம்மா வாளியோடு வந்து, "இருட்டுல உக்காந்திருக்கியேம்மா" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைத் தட்டினாள். விளக்கு எரிந்தது.

திரையில், இடது மூலைச் சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்தது.

படகோட்டி இருந்த இடத்தில் இருந்தது. வேறு எதுவும் அசையவில்லை. 'உங்கள் முறை' என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

அந்தச் சிப்பாயைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை. சோடாபுட்டியிடம் இல்லை, செத்துப்போன கணவரிடம் இல்லை, அம்மாவிடம்கூட இல்லை. அந்த நகர்வைக் கவனித்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். பைக்குள் துழாவிப் போனை எடுத்துக் குட்டியைக் கூப்பிட்டாள். அங்கே அப்போது விடிந்தும் விடியாத நேரம். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் குட்டி.

"அக்கா?" தூக்கம் கலையாத குரல். "என்னக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ தூங்கிட்டிருந்தியா?"

"இப்பதான் முழிச்சேன். இந்த நிமிஷம். ஒரு கனவு." அந்தப் பக்கம் கொஞ்சம் சிரிப்பு. "சொன்னா சிரிப்பே. நாம சின்ன வயசுல ஆடுவோமே, ஆறு, படகோட்டி, அது. உனக்கு எழுதலாமான்னு யோசிச்ச நாள்லேர்ந்து தினமும் கனவுல வருது. நான் பாட்டுக்கு பலகை முன்னாடி உக்காந்தே இருக்கேன். இன்னைக்கு யாரோ லைட்டைப் போட்ட மாதிரி இருந்துச்சு. மூலையில இருந்த சிப்பாயை நகர்த்திட்டேன். உடனே முழிப்பு வந்துடுச்சு."

வக்கீலம்மா திரையில் நகர்ந்து நின்ற சிப்பாயைப் பார்த்தாள். வாளியில் துணியைப் பிழியும் சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லவேளை நீயே கூப்பிட்டே," குட்டி தொடர்ந்தாள். குரலில் ஒரு தெளிவு வந்திருந்தது. "நான் எழுதினதை விட்டுடுக்கா. உனக்கு சங்கடமா இருக்கும். முழிச்சதுமே முடிவு பண்ணிட்டேன், நான் இங்கயே ஒரு ரூம் பாத்துக்கறேன். இத்தனை வருஷம் இருந்தாச்சு, இனிமே என்ன."

"குட்டி, அந்த விதி பொய்."

"எது?"

"மூணு இரவு. பதினாலாம் பக்கம். அப்படி ஒண்ணு கிடையாது. நான் போகப் பயந்துகிட்டு, உன்கிட்ட பொய் சொன்னேன். ஜெயிச்சது நீதான். போக வேண்டியது நான்."

ரொம்பச் சாதாரணமாக வந்தது பதில்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"நீ தண்ணி குடிக்கப் போனப்ப புத்தகத்தைப் பாத்தேன். பூச்சி மருந்து போடச் சொல்லியிருந்துச்சு."

"அப்புறம் ஏன்டி? ரெண்டு நகர்வுல ஜெயிச்சிருக்கலாமே. நாள் பூரா எதுக்கு அப்படி உக்காந்திருந்தே?"

"ஜெயிச்சா நீ போயிடுவே. தோத்தா நான் போயிடுவேன். நகர்த்தாம இருந்தா ரெண்டு பேரும் வீட்டுலயே இருப்போம்னு நினைச்சேன். பத்து வயசுக்கு அவ்வளவுதான் தோணுச்சு." குட்டி மூச்சை இழுத்து விட்டாள். "அப்புறம் அம்மா வந்து லைட்டைப் போட்டாங்க. உன் முகத்தைப் பாத்தேன். அப்படிப் பயந்த முகத்தை நான் பாத்ததே இல்ல. சரி, நாமளே போயிடலாம்னு சிப்பாயை நகர்த்திட்டேன். விடு. பழைய கதை. நீ நிம்மதியா இரு, நான் இங்க—"

"இரு," என்றாள் அக்கா. கன்னத்தில் வழிந்ததைச் சால்வையால் துடைத்தாள். "நீ நகர்த்திட்டே இல்ல? இப்ப என் முறை."

"என்ன சொல்றே?"

"வா. இந்த வாரமே கிளம்பி வா. அறை காலியாத்தான் கிடக்கு, போன திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும். நீ வந்து ஒரு வருஷம் என் முகத்துல முழிச்சு என்னைத் திட்டு. அதுக்கப்புறம் பேசிக்கலாம்."

குட்டி அழுதாள். முப்பது வருடத்தில் போனில் அவள் அழுது அக்கா கேட்டதில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அக்கா சுட்டியைப் பிடித்தாள். சிவப்புப் பூதத்தை இறக்கி அந்தக் காலிக் கட்டத்தை அடைத்திருக்கலாம். அவள் பூதத்தை எடுத்து மதிலுக்கு அப்பால், பலகையின் கடைசி ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். அத்தனை நாள் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை இப்போது கண் இமைக்கும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. படகோட்டி காலிக் கட்டத்துக்கு வந்தது. அவள் ஏதோ ஒரு சிப்பாயை நகர்த்தினாள். படகோட்டி குனிந்து, கோபுரத்தடியில் நின்ற பிள்ளையைத் தூக்கிப் படகில் வைத்தது.

தோற்றவர்களுக்கென்று வைத்திருந்த மணி அறை முழுக்க ஒலித்தது.

"அங்க என்னக்கா சத்தம்?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள் குட்டி.

"ஒண்ணுமில்ல. ஒரு ஆட்டத்துல தோத்துட்டேன்."

"யார்கிட்ட?"

"உன்கிட்டதான்," என்றாள் அக்கா.